ஈசல் வறுவலும் எறும்புத் துவையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சி சாப்பிடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் சேலம் டவுனில் முகம் சுளிக்கிறார்கள், ஏற்காடு அடிவாரத்தில் "இந்த வருசம் ஈசல் எங்க பிடிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு மணி நேரப் பஸ் தூரம்கூட இல்லை. இரண்டு பக்கமும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். உள்ளூர் விஷயமும் வெளிநாட்டு விஷயமும் கலந்துதான் வரும், ஏனென்றால் கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

உண்மையிலேயே மக்கள் பூச்சி சாப்பிடுகிறார்களா, இல்லை வீடியோவுக்காகச் செய்வதா?

உண்மையிலேயே சாப்பிடுகிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் இதற்காகவே ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சி இருக்கிறது என்றும், 1,900க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உணவாகப் பயன்படுகின்றன என்றும் அதில் கணக்குச் சொன்னார்கள். தாய்லாந்தில் சுவர்க்கோழி வளர்ப்பதற்கென்றே சுமார் 20,000 பண்ணைகள் இருப்பதாகவும் அதே அறிக்கை சொன்னது. சுவர்க்கோழி என்றால் ராத்திரி வீட்டு மூலையில் விடாமல் கத்துமே, அந்தப் பூச்சிதான்.

மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் வெட்டுக்கிளியைப் பூண்டு, எலுமிச்சை, உப்போடு வறுத்துச் சந்தையில் கூடை கூடையாக விற்கிறார்கள். கொரியாவில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவை அவித்து டின்னில் அடைத்துக் கடையில் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் நாகானோ பக்கம் வெட்டுக்கிளியைச் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்ட வைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், குளவிப் புழுவும் அங்கே விருந்துச் சாப்பாடு. இவர்கள் யாரும் கேமராவுக்காகச் சாப்பிடவில்லை.

நம்ம ஊரில் யார் சாப்பிடுகிறார்கள்?

நாமேதான். சேர்வராயன் மலைக் கிராமங்களில், அடிவாரத்தில், வாழப்பாடி ஆத்தூர் பக்கத்துக் காடுகளில், மழைக்குப் பிறகு ஈசல் பிடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. அகநானூற்றின் 394ஆம் பாட்டில் வரகரிசியோடு செம்மறி ஆட்டுத் தயிரும் புற்றீசலும் சேர்த்து ஆக்கிய புளிச்சோறு வருகிறது, சூடான அந்தச் சோற்றின்மேல் பசு வெண்ணெய் உருகுகிறது. புறநானூற்றில் பாரியின் நாட்டு வளத்தைக் கபிலர் சொல்லும்போதும் புற்றீசலும் மோரும் வருகின்றன. அதாவது ஒரு நாட்டின் செழிப்புக்கு அடையாளமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெரும் புலவருக்கு ஈசல் நினைவுக்கு வந்திருக்கிறது.

ஆனால் இன்றைக்கு இதைச் சாப்பிடுகிறவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள், எனக்கு உண்மையில் வருத்தமாக இருப்பது இதுதான். ஒரு கல்லூரி விடுதியில் மலையிலிருந்து வந்த பையன் ஒருவன் வீட்டில் வறுத்துக் கொடுத்த ஈசலைப் பொரியோடு கலந்து கொண்டு வந்தான். பாதிப் பேர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள், மீதிப் பேர் போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் அவன் ஊரிலிருந்து எதையுமே எடுத்து வந்ததில்லை. அதே மேசையில் அன்றைக்கு இறால் தொக்கு இருந்தது. இறால், நண்டு, பூச்சி எல்லாமே கணுக்காலிகள், ஒரே பெரிய குடும்பத்தின் கிளைகள். ஓடும் கால்களும் உணர்கொம்பும் இருக்கிற இறாலை உரித்துத் தின்கிறவர்கள் ஈசலைப் பார்த்து வாந்தி வருகிற மாதிரி நடிப்பதற்கு நியாயமே கிடையாது. பிடிக்காவிட்டால் சாப்பிட வேண்டாம், அடுத்தவன் தட்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

ஈசலும் கறையானும் ஒன்றா?

ஆமாம். கறையான் கூட்டத்தில் இறக்கை முளைத்து இனப்பெருக்கத்துக்காக வெளியே பறக்கிறவைதான் ஈசல். எறும்புக்கு இறக்கை முளைத்தால் ஈசல் என்று நினைக்கிறவர்கள் நிறைய, அது சரியில்லை. கறையானுக்கு நெருங்கிய சொந்தம் கரப்பான், எறும்பு இல்லை.

எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள்?

கோடை மழை நன்றாக ஒருமுறை கொட்டி ஓய்ந்த பிறகோ, புரட்டாசி ஐப்பசி மழைக்குப் பிறகோ, மண் நனைந்து காற்று அசையாமல் புழுக்கமாக இருக்கிற நேரம்தான் பார்ப்பார்கள். புற்றில் சின்னச் சின்ன வாய்கள் திறந்து, காவல் கறையான்கள் ஓரத்தில் வந்து நின்றால் அன்றைக்கு ஈசல் எழும்பும் என்று அர்த்தம். இதைப் பார்த்துச் சொல்ல அனுபவம் வேண்டும், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் புற்றைப் பார்த்தே இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லிவிடுவார்கள்.

புற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, அதில் குடத்தையோ அகலமான பாத்திரத்தையோ இறக்கி, மேலே விளக்கு வைப்பார்கள். ஈசல் வெளிச்சத்துக்கு வரும், இறக்கை உதிரும், பாத்திரத்துக்குள் விழும். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் மேலே ஏறி வராது. புற்றை உடைக்க மாட்டார்கள், இது முக்கியம். புற்றை உடைத்தால் அடுத்த வருசம் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது, உள்ளே பாம்பு இருந்தால் அது வேறு ஆபத்து. நிறைய இடங்களில் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவர்களும் இவர்களேதான், அதனால் கை வைக்கும்போது ஒரு மரியாதை தானாகவே இருக்கும்.

அப்புறம் சமையல். தண்ணீரிலிருந்து எடுத்து அலசி, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட வேண்டும். இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் மெதுவான தீயில் வறுக்க வேண்டும், ஈசலிலேயே கொழுப்பு நிறைய இருப்பதால் எண்ணெய் தேவையில்லை. மிச்சமிருக்கிற இறக்கை சூட்டில் சுருங்கி உதிரும். ஆறியதும் முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கையெல்லாம் பறந்துவிடும். பிறகு வறுத்த அரிசி அல்லது பொரி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு தட்டிப் போட்டு இன்னொரு சுற்று வறுப்பார்கள். ஈசலை மட்டும் தனியாக அள்ளித் தின்றால் வயிறு கலங்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கொழுப்பு அதிகம் உள்ள எதையும் வெறும் வயிற்றில் கை கையாகத் தின்றால் அப்படித்தான் ஆகும். பொரி கலப்பது அளவைத் தானாகக் குறைத்துவிடுகிறது.

சுவை எப்படி இருக்கும்?

வறுத்த ஈசல் வேர்க்கடலைக்கும் நெய்க்கும் நடுவில் ஒரு ருசி. வெட்டுக்கிளிக்கென்று பெரிய ருசி கிடையாது, மசாலாவின் ருசிதான் தூக்கலாகத் தெரியும், மொறுமொறுப்புக்காகச் சாப்பிடுவது. எறும்பு புளிக்கும். பட்டுப்புழுவுக்கு ஒரு தனி வாடை உண்டு, அது பழகுவதற்கு நேரமாகும், பழகாமலேயே போகவும் செய்யும்.

சிவப்பு எறும்பில் சட்னியா? நிஜமா?

நிஜம். அரசாங்க முத்திரையே கிடைத்திருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் பழங்குடி மக்கள் அரைக்கிற 'காய் சட்னி'க்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம சேலம் ஜவ்வரிசிக்கு இருக்கிற அதே குறியீடுதான். சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கமும் இதே துவையல் உண்டு, அங்கே பெயர் சாப்ரா.

எந்த எறும்பு என்றால், சேலத்து மாந்தோப்பில் மரம் ஏறுகிறவர்களைக் கடித்துக் குதறுமே முசுறு, இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டுமே, அதேதான். கூட்டைக் கிளையோடு வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டு, எறும்பையும் முட்டையையும் பிரித்து, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து அம்மியில் அரைப்பார்கள். அதில் புளி சேர்க்க வேண்டியதே இல்லை, எறும்பின் ஃபார்மிக் அமிலமே புளிப்பைக் கொடுத்துவிடும். ஆனால் தோப்பில் முசுறு இருந்தால் அது மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்று மரத்தைக் காக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். சீனாவில் நாரத்தைத் தோட்டங்களுக்கு இந்த எறும்புக் கூடுகளை வாங்கிக் கட்டுகிற வழக்கம் ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கும் முந்தையது. ஆசைக்கு இருக்கிற கூட்டையெல்லாம் வெட்டிவிட்டு அப்புறம் மருந்து அடிக்கக் கூடாது.

சேலத்தில் பட்டு வளர்ப்பு உண்டே, அந்தப் புழுவைச் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பட்டு வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகமே சேலத்தில்தான் இருக்கிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பங்கள் எவ்வளவோ.

நூல் இழுப்பதற்காகக் கூட்டை வெந்நீரில் போடும்போது உள்ளே இருக்கிற கூட்டுப்புழு செத்துப்போயிருக்கும், நூல் எடுத்த பிறகு அது குவியலாக மிஞ்சும். நம்மிடம் அது கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிறது. கொரியாவிலும் சீனாவிலும் அது தின்பண்டம். அசாமில் கதை இன்னும் சுவாரசியம். அங்கே எரிப்பட்டு என்று ஒரு வகை, அந்தப் புழுவின் கூடு ஒரு பக்கம் திறந்தே இருக்கும், அதனால் புழுவை முதலில் வெளியே எடுத்துச் சமைத்துவிட்டு, கூட்டைப் பஞ்சு மாதிரி நூற்கிறார்கள். அங்கே நிறைய வீடுகளில் புழு முதல் வருமானம், நூல் இரண்டாவது. எரிப்பட்டுப் புழு ஆமணக்கு இலை தின்னும், மரவள்ளி இலையும் தின்னும். மரவள்ளி, அதாவது நம்ம குச்சிக்கிழங்கு, சேலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் நூற்பு ஆலையின் பின்பக்கம் கிடக்கிற புழுவை வாங்கி வந்து வறுக்காதீர்கள். வளர்ப்பு மனையில் கிருமிநாசினி தெளித்திருப்பார்கள், புழு எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கெட்டுப்போக ஆரம்பித்த புழுவில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், கெட்ட சூரை மீனில் சேர்வதும் அதேதான். முகம் சிவந்து, தலைவலித்து, வாந்தி வரும். மறுபடி எவ்வளவு வறுத்தாலும் ஹிஸ்டமின் போகாது. சாப்பிடுவதற்கென்று தனியாக, சுத்தமாக எடுத்து, அன்றைக்கே சமைத்ததாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சேலத்து ஜவ்வரிசிக்கும் புழுவுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

நம்ம ஜவ்வரிசிக்குச் சம்பந்தம் இல்லை, பயப்படாமல் பாயசம் குடியுங்கள். நம்முடையது மரவள்ளி மாவில் செய்வது. ஆனால் உலகில் சேகோ என்ற பொருள் முதலில் வந்தது நியூகினி, இந்தோனேசியா பக்கத்தில் வளர்கிற சேகோப் பனையிலிருந்து. அங்கே மரத்தை வெட்டி நடுத்தண்டைச் சுரண்டி மாவு எடுப்பார்கள். கொஞ்சத் தண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அதில் கூன்வண்டு முட்டையிட்டு, சில வாரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் புழுக்கள் வரும், அவற்றை எடுத்து இலையில் சுற்றிச் சுடுவார்கள். மாவில் வெறும் மாவுச்சத்துதான் இருக்கிறது, கொழுப்பும் புரதமும் இந்தப் புழுவிலிருந்து கிடைக்கிறது. ஒரே மரத்திலிருந்து முழுச் சாப்பாடு.

நம்ம தென்னையைக் குடைந்து சாய்க்கிற சிவப்புக் கூன்வண்டு இதே வகைதான். தாய்லாந்தில் அதைச் சாப்பாட்டுக்கென்று பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். ஓமலூர்ப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நம்பவே முடியவில்லை.

வெளிநாட்டிலும் விளக்கு வைத்துப் பிடிக்கிறார்களா?

உகாண்டாவில் பிடிக்கிறார்கள், அதுவும் நம் குடமும் விளக்கும் எந்த மூலைக்கு என்று கேட்கிற அளவில். 'என்செனெனே' என்கிற பச்சை வெட்டுக்கிளி அங்கே மழைக்காலத்தில், முக்கியமாக நவம்பரில், கூட்டம் கூட்டமாக வரும். மசாக்கா ஊர்ப் பக்கம் உயரமான கம்பத்தில் கண்ணைக் கூசுகிற விளக்கு, அதைச் சுற்றிச் சாய்த்து நிறுத்திய தகரம், தகரத்துக்குக் கீழே பெரிய இரும்பு டிரம். வெளிச்சத்துக்கு வருகிற வெட்டுக்கிளி தகரத்தில் மோதி வழுக்கி டிரம்மில் விழும். இறக்கையையும் காலையும் பிய்த்து எடுப்பதற்கே பெண்கள் சந்தையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெங்காயம் போட்டு வதக்கி விற்கிறார்கள், பஸ் ஜன்னலில் கொண்டு வந்து நீட்டுகிறார்கள்.

ஆப்பிரிக்காவின் தெற்கே ஜிம்பாப்வே, போட்ஸ்வானா பக்கம் மொப்பானே என்ற மரத்தில் ஒரு பெரிய கம்பளிப்பூச்சி வரும். பிடித்தவுடன் பிதுக்கிக் குடலில் இருக்கிற இலைச் சக்கையை வெளியே எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெயிலில் காயப் போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள், வேண்டும்போது தக்காளி வெங்காயம் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். கருவாட்டுக்கு நாம் செய்கிற அதே யோசனைதான். வியாபாரம் பெருகிப் பெருகி, சில இடங்களில் புழு கிடைப்பதே குறைந்துவிட்டது என்ற கவலையும் அங்கே இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் ஏன் சாப்பிடுவதில்லை?

குளிர் நாட்டில் பூச்சிகள் சின்னதாக, சிதறி இருக்கும், பாதி வருசம் கண்ணிலேயே படாது. ஒரு சட்டி நிறையப் பிடிப்பதற்கு ஆகிற பாட்டுக்கு ஒரு பன்றியை வளர்த்துவிடலாம். உலகம் முழுக்க உணவான பூச்சிகளைப் பாருங்கள், ஈசல், வெட்டுக்கிளி, மொப்பானே புழு, எறும்பு, எல்லாம் ஒரே இடத்தில் மொத்தமாகக் கிடைக்கிறவை. சாப்பிடாத ஊரில் கொஞ்ச காலத்தில் அது அருவருப்பாகிவிடுகிறது. இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மஞ்சள் மாவுப்புழுவை உணவாக விற்க முதல் அனுமதி கொடுத்தது, பிறகு வெட்டுக்கிளி, சுவர்க்கோழி என்று பட்டியல் நீண்டது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளுக்கு அனுமதி கொடுத்தது.

சத்து உண்டா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

உண்டு. காய்ந்த எடையில் பார்த்தால் சுவர்க்கோழியிலும் வெட்டுக்கிளியிலும் பாதிக்கு மேல் புரதம். ஈசலில் புரதத்தோடு கொழுப்பும் அதிகம். சுவர்க்கோழி ஒரு கிலோ எடை போடுவதற்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும், மாட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதற்காக "சூப்பர் உணவு" என்று யாராவது பாக்கெட்டில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்றால் ஏமாறாதீர்கள். முட்டையும் கடலையும் கொள்ளும் நம் பக்கம் மலிவாகக் கிடைக்கின்றன.

யார் சாப்பிடக் கூடாது? எதைத் தொடவே கூடாது?

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் பூச்சியை வாயில் வைக்கவே வேண்டாம். இறாலில் ஒவ்வாமை தருகிற அதே டிரோபோமயோசின் புரதம் பூச்சியிலும் இருக்கிறது. உதடு வீங்குவதில் ஆரம்பித்து மூச்சுத் திணறல் வரைக்கும் போகலாம். தூசி ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் தூசியில் இருக்கிற உண்ணியிலும் அதே வகைப் புரதம் உண்டு.

அடுத்தது மருந்து. மாந்தோப்பு, காபி எஸ்டேட், காய்கறித் தோட்டம், எங்கே மருந்து அடித்திருந்தாலும் அங்கே பிடித்த வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம். படையெடுத்து வருகிற பாலைவன வெட்டுக்கிளியும் அப்படித்தான், அதைக் கொல்ல அரசாங்கமே பூச்சிக்கொல்லி தெளித்திருக்கும். வீட்டுக்குள் கறையான் மருந்து அடித்த சுவரிலிருந்து கிளம்புகிற ஈசலும் கூடாது. டியூப் லைட்டுக்கு வந்து விழுவதை, அது எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று தெரியாமல் பொறுக்க வேண்டாம்.

மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சி, பளபளவென்று சிவப்பும் கறுப்புமாக இருக்கிற கொப்புள வண்டு, இவற்றின் பக்கமே போகாதீர்கள். கொப்புள வண்டில் இருக்கிற காந்தாரிடின் தோலில் பட்டாலே கொப்புளிக்கும், வயிற்றுக்குள் போனால் உயிரை எடுக்கும். காலங்காலமாகச் சாப்பிடுகிற பூச்சியிலும்கூடப் பக்குவம் தவறினால் சிக்கல் உண்டு. நைஜீரியாவின் தென்மேற்கில் ஒரு வகைக் காட்டுப் பட்டுப்புழுவைச் சாப்பிட்டவர்களுக்கு மழைக்காலத்தில் கை கால் நடுங்கி நடை தள்ளாடியது. அந்தப் புழுவில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு நொதி இருப்பதும், சாப்பிட்டவர்களில் பலர் ஏற்கெனவே சத்துக்குறைவாக இருந்ததும் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதனால் புதிதாக ஒரு பூச்சியைப் பார்த்து இதையும் தின்று பார்ப்போமே என்று கிளம்பக் கூடாது. உங்கள் பாட்டி சாப்பிட்டதா, அவர் எப்படிச் சமைத்தார், அதை மட்டும் அப்படியே செய்யுங்கள்.

எங்கள் மதத்தில் கூடாது என்கிறார்களே?

ஏற்காட்டில் சர்ச்சுக்குப் போகிற நண்பர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள். பைபிளில் லேவியராகமம் 11ஆம் அதிகாரம் பறக்கிற பூச்சிகளை விலக்கிவிட்டு வெட்டுக்கிளி வகைகளை மட்டும் அனுமதிக்கிறது. யோவான் ஸ்நானன் வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிட்டதாக மத்தேயுவில் இருக்கிறது. ஏமன் நாட்டு யூதர்கள் வெட்டுக்கிளி சாப்பிடுகிற வழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். இஸ்லாத்திலும் வெட்டுக்கிளி ஹலால், மற்றப் பூச்சிகளில் அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு, உங்கள் ஜமாத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சைவம். எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைதானே?

சாப்பிட வேண்டியதில்லை, பூச்சியும் உயிர்தான். ஆனால் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. மிட்டாய், மாத்திரை மேல் பளபளப்புக்குப் பூசுகிற ஷெல்லாக், அதாவது உணவு அட்டையில் சேர்க்கைப் பொருள் எண்ணாக ஐ.என்.எஸ். 904 என்று இருப்பது, அரக்குப் பூச்சி சுரக்கிற பிசினிலிருந்து வருகிறது. ஜார்க்கண்டில் அது பெரிய தொழில். பல நாடுகளில் ஐஸ்கிரீம், தயிர், மிட்டாய்க்குச் சேர்க்கிற கார்மைன் சிவப்பு, ஐ.என்.எஸ். 120, கள்ளிச் செடியில் வளர்கிற கொச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுப்பது. வெளிநாட்டு மிட்டாய் வாங்கினால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தேன், பட்டு விஷயம் உங்களுக்கே தெரியும்.

பூச்சியைத் தவிர உலகத்தில் வேறு என்ன விசித்திரமாகச் சாப்பிடுகிறார்கள்?

நிறைய. ஐஸ்லாந்தில் கிரீன்லாந்துச் சுறாவைப் பச்சையாகத் தின்றால் விஷம், அதனால் அதை வாரக்கணக்கில் புளிக்கவைத்து, பிறகு மாதக்கணக்கில் கட்டித் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்தி, அம்மோனியா நெடி அடிக்க அடிக்கச் சாப்பிடுகிறார்கள். ஸ்வீடனில் ஹெர்ரிங் மீனைக் கொஞ்சமாக உப்புப் போட்டுப் புளிக்கவைத்து டின்னில் அடைப்பார்கள், டின்னுக்குள்ளேயும் புளிப்பு தொடர்வதால் டின் உப்பி நிற்கும், அதை வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் திறப்பார்கள். சார்டினியாத் தீவில் காசு மார்சு என்று ஒரு பாலாடைக்கட்டி, ஈப்புழு உள்ளே உயிரோடு நெளியும், சட்டப்படி விற்க முடியாது, ஆனாலும் ஊருக்குள் செய்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பாதி வளர்ந்த வாத்துக் கருவோடு முட்டையை அவித்து உப்பும் வினிகரும் தொட்டுக்கொள்கிறார்கள். கம்போடியாவில் ஸ்கூன் என்ற ஊரில் பெரிய சிலந்தியைப் பூண்டு போட்டுப் பொரித்துத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள்.

இதையெல்லாம் படித்து முகம் சுளித்தால், சேலத்து மட்டன் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கேட்டு வாங்குவதையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். குடல், சுவரொட்டி, மூளை, தலைக்கறி, பொரியலுக்கு ரத்தம். மழைக்காலத்தில் வயல் நண்டும் நத்தையும். வெளியூர்க்காரர்கள் நம் கருவாட்டு வாடைக்கே மூக்கைப் பொத்துகிறார்கள். நமக்கு அதுதான் வீட்டு வாசனை.

மலையில் உடும்பு, அலங்கு (எறும்புத்தின்னி) கிடைக்கும் என்கிறார்களே?

கேட்கவே கேட்காதீர்கள். இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறவை, பிடித்தாலும் வாங்கினாலும் ஜெயில். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மலைக்காரர்களிடம் பணத்தைக் காட்டி "ஏதாவது வித்தியாசமாக்" கேட்பதை நான் பார்த்திருக்கிறேன், கோபம் வருகிறது. மாட்டினால் கேட்டவன் காரில் போய்விடுவான், வழக்கு மலைக்காரர் மேல் விழும். அலங்குக்குக் கறையான்தான் சாப்பாடு, அது இருந்தால்தான் காடும் காடாக இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இறால் ஒத்துக்கொள்கிற பிள்ளை என்றால், முதல் தடவை நாலைந்து ஈசல் மட்டும் கொடுத்து அன்றைக்குப் பூராவும் கவனியுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். உயிருள்ள பூச்சியை வாயில் போட்டுக் காட்டுகிற சவால் வீடியோக்களைப் பார்த்துப் பிள்ளைகள் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேகவைக்காத பூச்சியில் கிருமியும் ஒட்டுண்ணியும் இருக்கும்.

ஏற்காட்டில் கடையில் கிடைக்குமா?

நான் பார்த்தவரை கடைப் பலகையில் இருக்காது. அடிவாரத்துச் சந்தையில் மழை வாரத்தில் யாராவது படியில் அளந்து விற்பார்கள், இல்லையென்றால் தெரிந்த வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். வாங்கும்போது எந்தக் காட்டில் பிடித்தது என்று கேளுங்கள், சரியாகச் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

வறுத்த ஈசலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஈரமே இல்லாமல் வறுத்து, நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் பத்து நாளுக்குக் கவலையில்லை. பொரி, பொட்டுக்கடலையை அப்போதே கலக்காமல் சாப்பிடும்போது கலந்தால் நமுத்துப் போகாது. கொழுப்பு அதிகம் என்பதால் அதற்கு மேல் வைத்தால் காறல் அடிக்கும். டப்பாவைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.